கோடையிலும் ஓடும் வடிகால்: சென்னை மாநகரக் குடியிருப்போர் நலச் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர்களே, செயலாளர்களே, அங்கத்தினர்களே,



ஆவணி பிறந்துவிட்டால் தங்கள் சங்கங்களிலிருந்து மாநகராட்சியின் மண்டல அலுவலகங்களுக்கு மனுக்கள் புறப்பட்டுவிடுகின்றன. எங்கள் தெருவின் மழைநீர் வடிகாலைத் தூர் வாருங்கள், உடைந்த மூடியை மாற்றுங்கள், பாதியில் நிற்கிற வேலையை ஐப்பசி மழைக்கு முன் முடித்துக் கொடுங்கள் என்று கேட்கும் அம்மனுக்கள் யாவும் நியாயமானவையே. 2015-ஆம் ஆண்டு டிசம்பரிலும், 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அவ்வாறு கேட்பதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆயினும், மாசி, பங்குனி, சித்திரை என்று வானத்தில் பொட்டு மேகமும் தென்படாத மாதங்களில், அதே வடிகாலில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிற நீர் எங்கிருந்து வருகிறது, யார் அதை விடுகிறார்கள் என்று வினவும் மனு ஒன்றையேனும் நான் இதுகாறும் கண்டதில்லை. அந்த வினாவைத் தங்கள் முன் பணிவுடன் வைப்பதற்காகவே இம்மடலை வரைகிறேன்; பணிவு என்றாலும், சில இடங்களில் மனத்தில் பட்டதைப் பட்டவாறே சொல்ல வேண்டியிருப்பதால், பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

நம் நகரத்தில் பூமிக்கடியில் ஓடும் மார்க்கங்கள் இரண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஒன்று பாதாளச் சாக்கடை. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பிலுள்ள அது, வீடுகளின் கழிவைப் பம்பிங் ஸ்டேஷன்களின் வழியே கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களிலுள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கொண்டுசெல்கிறது. மற்றொன்று மாநகராட்சியின் பொறுப்பிலுள்ள மழைநீர் வடிகால். 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில் தெருத்தெருவாகப் பரவியிருக்கும் அதற்கும் கூவத்துக்கும், அதற்கும் அடையாற்றுக்கும், அதற்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் இடையே பெரும்பாலும் ஒரு சல்லடைகூடக் கிடையாது. முன்னதில் விழுந்தது எத்தனை அசுத்தமானாலும் அதற்குப் பரிகாரம் உண்டு. பின்னதில் விழுந்தது, விழுந்த வண்ணமே நதியைச் சேர்கிறது. இத்தனை வேறுபாடுடைய இரு மார்க்கங்களும் பல தெருக்களில் நான்கைந்து அடி தூரத்தில் பக்கத்துப் பக்கமாக ஓடுகின்றன என்பதும், ஒரு பிளம்பரும் ஒரு கொத்தனாரும் அரை நாள் பிரயாசைப்பட்டால் ஒன்றில் சேர வேண்டிய குழாயை மற்றொன்றில் சேர்த்துவிடலாம் என்பதுமே நம் நதிகளின் துர்க்கதிக்கு ஒரு முக்கியக் காரணம்.

இதைக் கண்டுபிடிப்பதற்கு இயற்கை நமக்கு ஒரு விசேஷ அனுகூலத்தைச் செய்து தந்திருக்கிறது. லண்டனைப் போல் ஆண்டு முழுதும் தூறிக்கொண்டிருக்கும் நகரமல்ல சென்னை. ஆண்டில் பெய்யும் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக்காற்றின் மூன்று மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிட, தை முதல் வைகாசி வரை பெரும்பாலும் வறட்சியே நிலவுகிறது. மழை பெய்து பல நாட்கள் கழிந்த பிறகும் ஒரு மழைநீர் வடிகாலில் நீரோட்டம் இருக்குமானால், அது ஊற்றுநீராக இருக்க வேண்டும், உடைந்த குடிநீர்க் குழாயின் கசிவாக இருக்க வேண்டும், அல்லது எவரோ விடும் கழிவாக இருக்க வேண்டும். வேறு காரணம் பெரும்பாலும் இல்லை. அமெரிக்க தேசத்தில் 1987-ஆம் ஆண்டு நீர்ச்சட்டத்தைத் திருத்தி, மழைநீர் அல்லாத எதையும் வடிகாலில் விடலாகாது என்று நகராட்சிகளை நிர்ப்பந்தித்தபோது, அவர்கள் மேற்கொண்ட முதற்காரியமும் இதுவே: வறண்ட நாளில் வடிகால் நீர்நிலையில் விழும் கடைவாயருகே ஆளை நிறுத்தி, நீர் வருகிறதா என்று பார்ப்பது. இதற்குப் பெரிய சாஸ்திர ஞானம் வேண்டியதில்லை. காலை வேளையில் எழுந்து நடக்கும் சுபாவம் இருந்தால் போதும், அது தங்கள் அங்கத்தினர்களில் பலருக்கு டாக்டரின் உத்தரவின் பேரில் ஏற்கெனவே உண்டு.

நடக்கும்போது நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலை ஆறு மணிக்குப் பெருகி ஒன்பதுக்குமேல் தணிந்து மாலையில் மீண்டும் பெருகும் நீர், குடும்பங்கள் விழித்துக் குளித்துச் சமைக்கும் நீர். இராப்பகல் வித்தியாசமின்றி ஒரே அளவாகத் தெளிந்து வருவது பெரும்பாலும் குழாய்க் கசிவு அல்லது அடித்தளம் தோண்டும் கட்டட வேலையிலிருந்து இறைத்துவிடும் ஊற்றுநீர். நள்ளிரவுக்குப் பின் திடீரென்று அரை மணி நேரம் கரைபுரண்டு வந்து நின்றுவிடுவது கழிவுநீர் லாரியின் கைவரிசை. தொட்டுப் பார்க்கத் தேவையில்லாமலே ஆவி பறக்கும் வெதுவெதுப்பான நீர் சலவைக்கூடத்திலிருந்தோ ஹோட்டல் அடுப்பங்கரையிலிருந்தோ வருவது. பால் கலந்தாற்போல் வெளுத்து வந்து, காய்ந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் கெட்டியாகப் படிவது சிமெண்டுக் கலவை வண்டியைக் கழுவிய நீர். மேலே எண்ணெய்ப் படலம் வானவில் காட்டினால் உடனே பக்கத்து மெக்கானிக் ஷாப்பின்மேல் பழியைப் போட்டுவிடக் கூடாது. ஒரு குச்சியால் அப்படலத்தைக் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுகளாக உடைந்து அப்படியே மிதந்தால் அது இரும்புச் சத்தை உண்ணும் நுண்ணுயிர்களின் இயற்கையான வேலை. கலைந்தது சுழன்று மீண்டும் ஒன்றுசேர்ந்தால்தான் அது டீசலோ என்ஜின் ஆயிலோ.

கண்ணுக்குப் புலப்படாததை ரசாயனம் சொல்லும். இத்துறையில் 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான கைந்நூல் ஒன்று, ராபர்ட் பிட் என்ற பேராசிரியர் முதலானோர் தயாரித்தது, இன்றளவும் பிரமாணமாகக் கொள்ளப்படுகிறது. வடிகால் நீரிலுள்ள அம்மோனியாவின் அளவைப் பொட்டாசியத்தின் அளவால் வகுத்து, ஈவு 1-க்கு மேற்பட்டால் மலஜலம் என்றும், குறைந்தால் துணியும் பாத்திரமும் கழுவிய நீர் என்றும் பிரித்தறியும் முறை அதில் விளக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு மயிலாப்பூர்த் தெருவில் இறங்குகிறவர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்நாட்டில் பல்லின் நலத்துக்காகக் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கும் ஊர்கள் மிகுதி. ஆகையால் வடிகாலில் ஃபுளோரைடு தென்பட்டால் குழாய்நீர் கசிகிறது என்று அவர்கள் தீர்மானிக்கிறார்கள். நமக்கு அப்படிச் சேர்க்கும் வழக்கம் இல்லாததால் அந்தச் சோதனை இங்கே செல்லாது. உப்பின் அளவைக் கொண்டு கழிவை அறியும் உபாயமும், கடல்நீர் ஏறி இறங்கும் பக்கிங்காம் கால்வாயோரத்தில் பயனற்றது. மேலும் நம் வடிகால்களில் நீர் ஓடுவதைவிடத் தேங்குவதே அதிகம். தேங்கி அழுகிய எந்த நீரிலும் அம்மோனியா தானே பெருகிவிடுமாதலால், அந்த ஈவையும் புதிதாக ஓடிவரும் நீரில் மட்டுமே நம்பலாம் என்பது என் அபிப்பிராயம்.

இவற்றையெல்லாம்விட நம் தெருக்களுக்கு ஏற்றதென்று நான் கருதுவது, மிகச் சொற்பச் செலவில் எந்தச் சங்கமும் செய்யக்கூடிய மற்றொரு சோதனை. பெரும்பாலான சலவைத் தூள்களில் வெள்ளைத் துணியை மேலும் வெள்ளையாகக் காட்டுவதற்காக ஒரு சாயப்பொருள் கலந்திருக்கிறது. அது பஞ்சில் ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது, புற ஊதா ஒளி பட்டால் நீலம் பூத்து ஒளிரும். அச்சாயம் சேராத நாட்டுப் பஞ்சைச் சிறு பிளாஸ்டிக் கூடையில் வைத்து, நைலான் கயிற்றில் கட்டி, வடிகால் மூடியின் துவாரத்தின் வழியே நீரில் தொங்கவிட்டு, ஒரு வாரம் கழித்து எடுத்து நிழலில் உலர்த்துங்கள். பிறகு மளிகைக் கடைகளில் கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் அந்த ஊதா விளக்கை இரவல் வாங்கி, இருட்டறையில் அதன்கீழ், நீரில் விடாத பஞ்சு ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீரில் கிடந்த பஞ்சு மட்டும் நீலமாக மின்னினால், மழைநீருக்கென்று வெட்டிய வடிகாலில் யாரோ வேட்டி துவைத்த நீர் சென்ற ஒரு வாரத்துக்குள் போயிருக்கிறது என்பது நிச்சயம். சிறிது நேரம் மட்டும் விட்டு நிறுத்திக்கொள்ளும் சாமர்த்தியசாலிகளும் இந்தப் பஞ்சினிடம் எளிதில் தப்ப முடியாது. அது வாரம் முழுவதும் விழித்திருக்கிறது.

கழிவு கலப்பது உறுதியானால், எந்த இடத்தில் கலக்கிறது என்று தேடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. கடைவாயிலிருந்து தெருமுனை வரை 16 மூடிகள் இருப்பதாகக் கொண்டால், வரிசையாகப் பதினாறையும் திறக்கப் புறப்பட வேண்டாம். நடுவில் ஒன்றைத் திறந்து, அங்கும் அசுத்தம் ஓடினால் மேற்பாதியிலும், சுத்தமாக இருந்தால் கீழ்ப்பாதியிலும் தேடி, அப்பாதியையும் மறுபடி பாதியாக்கிக்கொண்டே போனால், நான்காவது மூடியில் குற்றவாளியின் வாசல் தெரிந்துவிடும். பல வாசல்களிலிருந்து கலந்தால் இவ்வளவு சுலபமாக முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன்பின், சம்பந்தப்பட்டவருக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, ஃபுளோரெசீன் என்ற பச்சைச் சாயத்தை அவர் வீட்டுக் கழிப்பறையில் ஊற்றித் தண்ணீர் விட்டால், வடிகாலில் பச்சை வருவதை அவரே நின்று பார்க்கலாம். பிரத்தியட்சத்துக்கு மேல் வாதம் இல்லை. பாதாளச் சாக்கடைக்குள் புகையைச் செலுத்தி, அது மழைநீர் வடிகாலின் வண்டல் தொட்டியில் எங்கே வெளிப்படுகிறது என்று பார்ப்பதும், காமிரா பொருத்திய சிறு வண்டியைக் குழாய்க்குள் ஓட்டுவதும் வாரியமும் மாநகராட்சியும் செய்ய வேண்டியவை.

இங்கே ஓர் எச்சரிக்கையை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூடியைத் திறப்பது மாநகராட்சி ஊழியரின் வேலை. நீர் எடுப்பது நீண்ட கழியின் நுனியில் கட்டிய போத்தலின் வேலை. மனிதன் ஒருவனும் தலையைக்கூட உள்ளே நீட்டலாகாது. மலஜலம் தேங்கிய வடிகாலில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகிறது. சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றமாக எச்சரிக்கும் அது, அளவு மிகும்போது நாசியின் உணர்ச்சியையே மழுங்கச் செய்துவிடுவதால், நாற்றம் இல்லையென்று இறங்குகிறவன் இரண்டொரு மூச்சில் சாய்கிறான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் சாய்கிறான். பாதுகாப்புச் சாதனமின்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்விப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் இது மழைநீர் வடிகால்தானே என்ற அலட்சியத்தில் மேஸ்திரி தொழிலாளியை இறக்கிவிடும் அபாயம் இருக்கிறது. தங்கள் வளாகத்திலிருந்து திருட்டுத்தனமாகப் போகும் ஒரு குழாய், முன்பின் அறியாத ஓர் ஏழையின் மூச்சை நிறுத்தக்கூடும் என்பதைச் செயற்குழுக் கூட்டத்தில் ஒருமுறையேனும் யோசிப்பது தர்மம்.

மற்ற தீங்குகளை விரிக்கப் புகுந்தால் மடல் நீண்டுவிடும். கழிவோடு வந்து படியும் சேறு வடிகாலின் கொள்ளளவை விழுங்கிவிடுவதால்தான் தூர் வாரிய அடுத்த ஆண்டே தெருவில் வெள்ளம் நிற்கிறது. இரவில் தூக்கத்தைக் கெடுப்பதும் யானைக்கால் நோயைப் பரப்புவதுமான க்யூலெக்ஸ் கொசு, டெங்குவைப் பரப்பும் ஏடிஸைப் போல் நல்ல நீரை நாடாமல், இத்தகைய கழிவுநீரையே நாடி முட்டையிடுகிறது. கூவத்தின் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும் கோடையில், நாம் அனுப்புவது கடலுக்கும் போகாமல் நடு ஊரிலேயே கிடந்து புளிக்கிறது. மிக்ஜாம் புயலின்போது மணலிப் பகுதியில் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தைச் சேர்ந்து, படகிலும் வலையிலும் அலையாத்தி மரங்களின் வேரிலும் அப்பிக்கொண்டதையும், மீனவர்கள் அதை வாளியால் மொண்டு அகற்றியதையும் நாம் பத்திரிகைகளில் பார்த்தோம். அது ஆலைகளின் சங்கதி, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. மழைநீர் போகும் வழியில் எது கிடந்தாலும், முதல் பெருமழை அதை அள்ளிக்கொண்டு நேரே நதிக்குப் போகும் என்பதில் ஆலைக்கும் அடுக்குமாடிக்கும் பேதம் இல்லை.

யார் செய்கிறார்கள் என்ற இடத்துக்கு இப்போது வருகிறேன். இப்பேச்சு எழும்போதெல்லாம் ஆற்றங்கரைக் குடிசைகளை நோக்கி விரல் நீட்டுவது நம் வழக்கமாகிவிட்டது. அவ்வீடுகளிலிருந்தும் கழிவு விழுகிறது என்பது மெய். ஆனால் அவர்களில் பலருடைய தெருவில் சாக்கடை இணைப்பே கொடுக்கப்படவில்லை என்பதும் மெய். 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது சேர்ந்த பகுதிகளிலும் பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்கள் பல. வழியில்லாதவன் செய்வதையும், வழியிருந்தும் செய்கிறவன் செய்வதையும் ஒரே தராசில் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. முறையான இணைப்புப் பெற்ற அடுக்குமாடிக் கட்டடங்களிலேயே நடப்பது என்ன? கழிவுத் தொட்டி தெருக்குழாயைவிடத் தாழ்ந்திருக்கிறது. மோட்டார் வைத்து ஏற்ற வேண்டியிருக்கிறது. மோட்டார் ஒருநாள் பழுதாகிறது. ‘இரண்டு நாளைக்கு மட்டும்’ என்று வடிகாலுக்கு ஒரு குழாய் போடப்படுகிறது. மோட்டார் பழுது பார்க்கப்பட்ட பின்னும், மின்சாரச் செலவு மிச்சமாவதைக் கண்ட பொருளாளர் அக்குழாயை எடுக்கச் சொல்வதில்லை. எஸ்.டி.பி. என்னும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டிக் காட்டி அனுமதி பெற்ற பெரிய வளாகங்களில், அதை ஓட்டும் செலவுக்கு அஞ்சி இரவில் நிறுத்திவிடுவதும், லாரிக்காரரிடம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறாய் என்று கேளாமல் குறைந்த வாடகைக்காரரையே அழைப்பதும் இவ்வகையைச் சேர்ந்தவையே. வாரியம் குறித்துக் கொடுத்த பம்பிங் ஸ்டேஷனில் கொட்டியதற்கான சீட்டைக் காட்டினால்தான் பணம் என்று ஒரு சங்கம் விதி செய்துகொண்டால், நள்ளிரவு லாரிகளின் உபத்திரவம் அந்தத் தெருவிலாவது குறையும்.

இதற்குப் பரிகாரமாக அதிகாரிகள் வழக்கமாகக் கையாளுவது, திருட்டுக் குழாயின் வாயைச் சிமெண்டு வைத்து அடைப்பது. அடைத்த குழாயிலுள்ள கழிவு எங்கும் போக வழியின்றித் தெருவில் வழிய, அண்டை வீட்டார் கூச்சலிட, மூன்றாம் இரவு கடப்பாறை வந்துவிடுகிறது. சரியான சாக்கடை இணைப்பைக் கொடுத்த பிறகே தவறான குழாயை அடைக்க வேண்டும். அபராதத்தைவிட அந்த வரிசைமுறைக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். வடிகாலின் கடைவாயருகே குறுக்குக் குழாய் இட்டு, வறண்ட காலத்துக் கழிவைப் பம்பிங் ஸ்டேஷனுக்குத் திருப்பும் ஏற்பாடும் கூவக்கரையில் செய்யப்படுகிறது. இடைக்காலத்துக்கு அது நல்லதே. ஆனால் நதி சற்றே தெளிந்ததும் மேலே தேடும் சிரத்தை குறைந்து, மழை வந்தவுடன் எல்லாம் சேர்ந்து குறுக்குக் குழாயைத் தாண்டி நதிக்கே போய்விடுகிறது என்பதை மறக்கலாகாது.

சட்டத்தில் குறை இல்லை. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், அசுத்தப்படுத்தும் பொருளை அறிந்தே நீரோடையில் விடுவதைத் தடை செய்வதோடு, நீரோடை என்பது தற்சமயம் வறண்டு கிடக்கும் நீர்வழியையும் குறிக்கும் என்று தெளிவாகவே வகுத்திருக்கிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. வடிகால் மாநகராட்சியுடையது, கழிவு வாரியத்துடையது. தவறான குழாய் இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. ஆகையால் புகார் எழுதும்போது இருவருக்கும் ஒரே கடிதமாக, மூடியின் இடம், தேதி, மணி, புகைப்படம், பஞ்சுச் சோதனையின் பலன் ஆகியவற்றோடு எழுதினால், ‘எங்கள் இலாகா அல்ல’ என்ற பதிலுக்கு இடம் குறையும்.

தலைகீழான பிழை ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடி மழைநீரைப் பாதாளச் சாக்கடையில் விடுவதும், தெருவில் வெள்ளம் நின்றால் சாக்கடை மூடியைத் திறந்து வடித்துவிடுவதும் நம்மவர்கள் உபகாரமென்று எண்ணிச் செய்யும் காரியங்கள். கழிவுக்கென்று அளவிட்ட குழாயில் மழை நுழைந்தால் பம்பிங் ஸ்டேஷன் திணறி, நகரத்தின் மலஜலம் தாழ்ந்த தெருக்களில் பொங்கி, மீண்டும் மழைநீர் வடிகாலுக்கே வருகிறது. 2003-ஆம் ஆண்டு முதல் வீடுதோறும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி எதற்காக இருக்கிறது?

ஆகவே, வரும் தை மாதத்தில், மழை ஓய்ந்து இரண்டு வாரம் கழிந்தபின், தங்கள் சங்கம் ஒரு காலை நடையை ஏற்பாடு செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். முதல் நடை தெருவில் வேண்டாம். தங்கள் வளாகத்துக்குள்ளேயே, சமையலறை, குளியலறை, கழிப்பறை, மொட்டைமாடி ஆகிய ஒவ்வொன்றின் குழாயும் எந்தத் தொட்டி வழியே எங்கே போய்ச் சேர்கிறது என்று பிளம்பரை உடன் வைத்துக்கொண்டு பின்தொடர்ந்து பார்த்து, அதை ஒரு வரைபடமாக எழுதி, செயலாளர் கையொப்பமிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஆவணி மனுவை அதன் பிறகு எழுதலாம். எழுதும்போது அந்த வரைபடத்தின் பிரதி ஒன்றையும் கூடவே இணைத்து அனுப்புங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும்
சென்னைவாசி ஒருவன்